ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு கட்டம் வரும். பொடி எழுத்து. மேலே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்னின்ன சர்வே எண்களில் இன்ன தொழில் அமைய உத்தேசிக்கப்பட்டுள்ளது. இன்ன தேதியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையின் நகல் கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். நாம் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

பிறகு ஒருநாள் ஆலைக்கு வேலி போடுகிறார்கள். மின் கட்டணம் ஏறுகிறது. கடற்கரையில் எதுவரை கட்டலாம் என்ற கோடு இடம் மாறுகிறது. அப்போது நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி: “யாரைக் கேட்டு இதைக் கொண்டுவந்தார்கள்?”

நியாயமான கேள்விதான். பல நேரம் அதற்கு உண்மையான பதில், யாரையும் கேட்கவில்லை என்பதே. கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமே இல்லாமல் மசோதாக்கள் நிறைவேறுவதைப் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, இன்னும் எழுதத்தான் வேண்டும். ஆனால் கேட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. அரைமனதாகக் கேட்டார்கள், புரியாத நடையில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள். அந்த முப்பது நாளிலும் அறுபது நாளிலும் நாம் எங்கே இருந்தோம்? பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற நானும் இந்த ‘நாம்’ என்பதற்குள்தான் வருகிறேன்.

வரைவை முன்கூட்டியே வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும் வழக்கம் நேற்று முளைத்தது அல்ல. முன்வெளியீடு வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால் அதை எப்படிச் செய்வது என்று 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டமே 23ஆம் பிரிவில் வகுத்துவைத்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் அறுபது நாள் அவகாசம் தருகின்றன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் மக்களிடமிருந்து வரும் ஆட்சேபணைகளை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது முப்பது நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். அது ஏன் வேண்டும், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எளிய நடையில் விளக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். நல்ல கொள்கை. ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. அதைச் சட்டமாக்கச் சொல்லி நம்மில் எத்தனை பேர் நம் எம்.பி.க்குக் கடிதம் எழுதினோம்? அப்படி ஒரு கொள்கை இருப்பதையாவது எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் வாசகருக்குச் சொன்னோம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதன்முதலில் அப்படியொரு சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 1997லேயே. விதிவிலக்குகள் மலிந்த சட்டமாக இருந்தாலும் நாம்தான் முதல் என்று மேடைகளில் சொல்லிக்கொள்கிறோம். அதே தொண்ணூறுகளில் ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில், தினக்கூலிக்குப் போகும் பெண்களும் ஆண்களும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பின் கீழ் உட்கார்ந்து, வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டு நகலைக் கொடு என்று கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் வாரக்கணக்கில் தர்ணா இருந்தார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்துக்கு வித்திட்டவர்கள் அவர்கள். அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு, முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதே, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போதே, தொடர்புடைய எல்லா விவரங்களையும் அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. யாரும் மனுப் போட்டுக் கேட்கும் தேவையே குறைய வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் நோக்கம். நாமோ ஆர்.டி.ஐ. என்றால் பட்டா ஏன் வரவில்லை, விடைத்தாள் நகல் எப்போது வரும் என்று சொந்தக் காரியத்துக்கான மனுவாகவே பழகிவிட்டோம். அதில் தப்பில்லை. ஆனால் நான்காம் பிரிவை எடுத்துக்கொண்டு போய் ஓர் அலுவலகத்தின் கதவைத் தட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அரசிதழோடு நமக்குள்ள உறவும் அப்படித்தான். தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமை தோறும் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதைத் தேடிப் போவது பெயர் மாற்றத்துக்கு. எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்துச் சேர்க்கவும், கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றவும், பாஸ்போர்ட்டில் வந்த பிழையைத் திருத்தவும் ஆறாம் பாகத்தைப் புரட்டுகிறோம். நம் பெயர் வந்திருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துகிறோம். நம் ஊரையும் தொழிலையும் ஆளப்போகும் விதிகள் வேறு பாகங்களில் அச்சாகிக் கிடக்கின்றன.

இதையெல்லாம் சேர்த்து நினைக்கவைப்பது 2020ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான (ஈ.ஐ.ஏ.) புதிய வரைவு அறிவிக்கை மார்ச் 23 என்று தேதியிடப்பட்டிருந்தது. அடுத்த நாள் இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வரைவு அரசிதழில் வெளியானது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கைக்குப் பதிலாக வரவிருந்த விதி அது. ஓர் அணையோ அனல்மின் நிலையமோ சுரங்கமோ சாயப்பட்டறை வளாகமோ வருவதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு நாள் கொடுக்க வேண்டும், யாரைக் கேட்காமலே விடலாம் என்பதை முடிவுசெய்யும் விதி. மக்கள் கருத்துச் சொல்ல இருந்த முப்பது நாளை இருபதாகக் குறைக்க அதில் இடமிருந்தது. முன் அனுமதி வாங்காமல் தொடங்கிவிட்ட திட்டங்களைப் பிறகு முறைப்படுத்திக்கொள்ள வழி இருந்தது. கருத்துக் கேட்பே தேவையில்லை என்ற பட்டியல் நீண்டிருந்தது.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. முகக்கவசம் தைத்தோம், கபசுரக் குடிநீர் காய்ச்சினோம், நெடுஞ்சாலையில் நடந்துபோன தொழிலாளர்களைப் பார்த்து மனம் கலங்கினோம். அந்த நாட்களின் பயம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த வாரங்களில் நமக்கு நேரமும் இருந்தது, செல்பேசியும் இருந்தது. எத்தனையோ படித்தோம், பார்த்தோம், பகிர்ந்தோம். இதை மட்டும் படிக்கவில்லை.

வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. தமிழில் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பவும் உறுத்துகிறது. மொழிக்காக உயிர்கொடுத்தவர்களின் ஊர் இது. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து மாறினால் நமக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும். 1956லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலம். ஆனால் அந்த வரைவைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்ற உத்தரவு, தில்லி உயர் நீதிமன்றத்தில் விக்ராந்த் தோங்கட் என்ற சுற்றுச்சூழல் ஆர்வலர் தொடர்ந்த வழக்கில் வந்தது. ஜூன் 30 அன்று தலைமை நீதிபதி டி.என். பட்டேலும் நீதிபதி பிரதீக் ஜலானும் அடங்கிய அமர்வு, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்த்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தளங்களிலும் வெளியிட வேண்டும் என்று சொன்னது. கருத்துச் சொல்லும் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. நமக்காகவும் சேர்த்து இன்னொருவர் வாங்கித் தந்த அவகாசம் அது. இங்கே சென்னை உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வடிவம் கேட்டு மீனவர் நலச் சங்கம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. வலை இழுக்கிறவர்களுக்கு இருந்த அக்கறை, தமிழில் எழுதியே பெயர் வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் இல்லை.

மத்திய அரசு தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிற்று. ஆங்கிலமும் இந்தியும் போதும், மற்ற மொழிகளில் வெளியிட வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை என்பது அதன் வாதம். அந்த வாதத்தைக் கேட்டு நாம் கொதித்தோம். ஆனால் அதற்கு முந்தைய பத்து, இருபது ஆண்டுகளில் வெளிவந்த எத்தனையோ வரைவுகள் இதே இரண்டு மொழியில்தான் வந்தன. ஒருமுறையாவது, “எங்கள் மொழியில் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்” என்று அஞ்சலட்டை போட்டிருப்போமா? கேட்காமலே இருந்த பழக்கம்தான், கொடுக்க வேண்டியதில்லை என்று வாதாடும் துணிவைக் கொடுத்தது. அந்தப் பழக்கத்தில் நம் பங்கு கணிசமானது.

ஜூலைக் கடைசியில்தான் தமிழ்நாடு விழித்தது. நடிகர் கார்த்தி ஓர் அறிக்கை வெளியிட்டார். சூர்யா அதை வழிமொழிந்தார். அதன் பிறகு நான்கைந்து நாள் எங்கு பார்த்தாலும் ஈ.ஐ.ஏ. பேச்சுதான். அவர்கள் இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு விதி நம் காதுக்கு வர சினிமா நட்சத்திரம் தேவைப்பட்டது என்றால், அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. மூன்று மாதமாக அந்த வரைவு பொதுவெளியில் கிடந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இரவு பகலாகத் தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தார்கள். பல பத்திரிகை அலுவலகங்களுக்கு அந்தச் சுருக்கம் வந்தது. இடமில்லை என்று சொன்னோம்.

பிறகு ஆயத்த மின்னஞ்சல்கள் வந்தன. யாரோ எழுதிவைத்த ஆங்கில வாசகம், கீழே பெயரை நிரப்பி அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினோம். நாடு முழுக்கப் போன கருத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அந்தக் கடிதங்களைக் கேவலமாகப் பேச நான் தயாராக இல்லை. மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல், அந்த எண்ணிக்கைக்கு ஓர் எடை இருந்தது. ஆனால் பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புக் கழிவைப் பார்த்து வளர்ந்தவர், நொய்யலில் சாய நுரை ஓடியதைப் பார்த்தவர், எண்ணூரில் சாம்பல் கலந்த கொசஸ்தலையாற்றில் இறால் பிடிக்கிறவர், தான் கண்டதைத் தன் வார்த்தையில் நான்கு வரி எழுதியிருந்தால், அந்தக் கோப்பில் அதற்கு இணையான காகிதம் இருந்திருக்காது. எழுதத் தெரிந்த நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். அது நம்மால் முடிகிற வேலை.

ஆகஸ்ட் 11 தாண்டியதும் மறந்தோம். வந்த கருத்துகள் என்ன ஆயின? எத்தனை ஏற்கப்பட்டன? சுருக்கம் எங்கே? கேட்டவர்கள் மிகச் சிலர். 2020ஆம் ஆண்டு வரைவு அப்படியே இறுதி விதியாகவில்லை என்பதால், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். அதன் பிறகு வந்தவை துண்டு துண்டாக வந்தன; அலுவலகக் குறிப்பாணை என்ற பெயரில் வந்தன. குறிப்பாணைக்கு அறுபது நாள் அவகாசம் கிடையாது, ஆட்சேபணை கேட்கும் வழக்கமும் கிடையாது. முன் அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைக் கையாளும் நடைமுறை 2021 ஜூலையில் அப்படித்தான் வந்தது. வனசக்தி என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. இந்த ஏற்ற இறக்கத்தில் எதையாவது தமிழ் வாசகருக்குப் புரியும்படி தொடர்ந்து சொன்னோமா என்றால், இல்லை.

2025 செப்டம்பரில் இன்னொரு குறிப்பாணை. அணுக் கனிமங்கள், அரிய முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றது. இது நமக்கு எங்கோ நடக்கும் விஷயம் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கடற்கரை மணல் கனிமங்களை எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டிருந்தது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், ஊர் மக்களின் எதிர்ப்பால் தள்ளிப்போனது. மீனவக் கிராமங்களும் தேவாலயங்களும் பஞ்சாயத்துகளும் அந்தக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. ஓராண்டுக்குள், அப்படிப்பட்ட கூட்டமே தேவையில்லை என்று ஒரு தாள் வந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் கடமை, செய்தார். நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கவலை. கருத்துக் கேட்பு என்ற உரிமையை நாம் ஊருக்கு ஊர் பயன்படுத்தி உயிரோடு வைத்திருந்தால், அதைப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு குறிப்பாணை போதும் என்ற எண்ணம் வந்திருக்குமா? பாழடைந்த கிணற்றைத்தான் தூர்த்துவிடலாம் என்று தோன்றும். தினமும் நாலு பேர் தண்ணீர் இறைக்கும் கிணற்றின் மேல் யாரும் மண் கொட்ட வரமாட்டார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்து பார்த்தால் நம் இல்லாமை கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் கல்யாண மண்டபம், இல்லையென்றால் திட்டத்துக்கான நிலத்திலேயே போட்ட பந்தல். மேடையில் கலெக்டரோ அவர் அனுப்பிய அதிகாரியோ, பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி. நிறுவனத்தின் சார்பில் ஒருவர் திரையில் படம் காட்டுகிறார், பி.எம். டென், டி.டி.எஸ்., கிரீன் பெல்ட் என்று வார்த்தைகள் ஓடுகின்றன. முன்வரிசையில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த இளைஞர்கள். பின்னால் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருக்கும் பெண்கள். மைக் வருகிறது. ஒரு பெண் எழுந்து, “எங்க கிணத்துல ஏற்கெனவே தண்ணி உப்புக் கரிக்குது, இன்னும் போர் போட்டா நாங்க எங்கய்யா போவோம்?” என்று கேட்கிறார். நிலத்தடி நீர் பற்றி அந்தக் கூட்டத்தில் எழுந்த கேள்விகளிலேயே கூர்மையானது அதுதான். அதற்குப் பின்னால் ஒரு நீரியல் பேராசிரியரோ, ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளரோ, உள்ளூர்க் கல்லூரி வேதியியல் ஆசிரியரோ எழுந்து, அறிக்கையின் இன்ன பக்கத்தில் இன்ன அட்டவணை தப்பு என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு எலும்பும் சதையும் வந்திருக்கும். அவர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். வரவில்லை. வம்பு எதற்கு என்று நினைத்தார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஒரு வரி உண்டு: கூட்டத்தைத் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரம் தேவையில்லை. ஒருவருமே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகிவிடும். அதே அறிவிக்கையில் வேறு சில வரிகளும் உண்டு. முழு நிகழ்வையும் வீடியோ எடுக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில், யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எல்லோருக்கும் விளக்கிப் படித்துக்காட்ட வேண்டும். அதன் பிறகே கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். “படித்துக்காட்டுங்கள் ஐயா” என்று கேட்டு உட்கார்ந்திருக்க நமக்கு உரிமை உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோய்விடுகிறோம்.

உட்கார்ந்து படித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தயாரித்த அறிக்கையில், ரஷ்யாவில் எங்கோ உள்ள ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. யாரோ பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படித்ததால்தான் அது வெளியே வந்தது. நம் ஊர் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் யார்?

நம்மிடையே படித்தவர்களும் இருக்கிறார்கள். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடங்கள் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் 2023இல் கருத்துக் கேட்புக்கு வந்தபோது, மீனவக் கிராமத்துக்காரர்கள் அந்த வரைபடங்களை விரித்துவைத்துப் பார்த்தார்கள். படகு நிறுத்தும் இடம் எங்கே, வலை காயவைக்கும் மணல் எங்கே, மீன் இறங்கும் தளம் எங்கே, எதிர்காலத்தில் எங்கள் பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்ளும் நிலம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வரைபடத்தில் இல்லாத தங்கள் ஊரைத் தாங்களே அளந்து காட்டினார்கள். அதே கடற்கரைச் சாலையில் அடுக்குமாடி வாங்கிக் குடியிருக்கும் நாம், நம் கட்டடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. புயலுக்கு அடுத்த நாள் கடல் உள்ளே வந்ததைப் படம் எடுத்துப் போட்டோம்.

மின் கட்டணக் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். 2022இல் கட்டண உயர்வு மனு வந்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்டது. விவசாயச் சங்கங்கள் வந்தன, சிறுதொழில் முனைவோர் வந்தார்கள், நுகர்வோர் அமைப்புகளின் பெரியவர்கள் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தார்கள். வீட்டு இணைப்பு வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களாகிய நாம் வரவில்லை. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம். அந்த உத்தரவிலேயே, இனி ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, ஆறு சதவீதத்துக்கு மிகாமல் கட்டணம் உயரும் என்று எழுதியிருந்தது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியபோது, திடீரென்று ஏற்றிவிட்டார்கள் என்று தலைப்பு வைத்தோம். இரண்டு ஆண்டுக்கு முன்பே அச்சாகி வந்ததைத் திடீர் என்று சொன்னது பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் குறை. எங்களைப் படித்துவிட்டு அப்படியே நம்பியது வாசகர்களாகிய உங்கள் குறையும்கூட என்று உரிமையோடு சொல்கிறேன்.

அலுவலகத்தின் பக்கம் நின்றும் ஒரு நிமிடம் பார்க்கலாம். ஓர் இளம் அதிகாரி வரைவை வெளியிடுகிறார். முப்பது நாள் கழித்துக் கோப்பைத் திறந்தால் நான்கு கடிதம். இரண்டு, தொழிலதிபர் சங்கங்களிடமிருந்தோ நிறுவனங்களின் கூட்டமைப்பிடமிருந்தோ வந்தவை. அவர்களுக்கு இதைப் படிக்கவென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. மற்ற இரண்டு, சலிக்காமல் எழுதும் ஏதோ ஒரு முதியவருடையவை. அடுத்த முறை அந்த அதிகாரி தமிழில் விளக்கக் குறிப்பு எழுத மெனக்கெடுவாரா? மெனக்கெட்டால் பாராட்ட ஆள் உண்டா? மெனக்கெடாவிட்டால் கேட்க ஆள் உண்டா? வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று முழங்கிய நாமே, வெளிப்படையாக வைத்ததைப் பார்க்காமல் விட்டு, வைக்காமலே இருக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

இதைத் திருத்திக்கொள்ள முடியும். பெரிய இயக்கம் எதுவும் தேவைப்படாமலே பாதி வேலை நடக்கும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் வட்டாரத்தைத் தொடும் எந்த வரைவாவது இப்போது கருத்துக்காகத் திறந்திருக்கிறதா என்ற கேள்வியை அங்கே எழுப்பி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு வரைவை எடுத்துத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி நூலகத்தில் ஒட்டலாம். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் அடுத்த கருத்துக் கேட்புக்கு ஊர்க்காரர்களோடு போய் உட்காரலாம். கருத்துச் சொல்லும் காலம் முடிந்த பிறகு, எத்தனை ஆட்சேபணை வந்தது, ஒவ்வொன்றின் மீதும் என்ன முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு மாநில அலுவலகத்துக்கு ஒரு மனு. அதற்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. ஆங்கிலத்தில் மட்டும் வந்த எந்த வரைவுக்கும் முதல் ஆட்சேபணையாக, “இது தமிழில் இல்லை, தமிழில் தந்து அன்றிலிருந்து நாளைக் கணக்கிடுங்கள்” என்று எழுதி அனுப்பலாம்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சக ஆசிரியர்களே, ராசிபலனுக்கு இடம் ஒதுக்குகிறோம், தங்கம் விலைக்கு ஒதுக்குகிறோம். இந்த மாதம் எந்தெந்த வரைவுகள் மக்கள் கருத்துக்காகத் திறந்திருக்கின்றன, கடைசி நாள் எது, யாருக்கு எழுத வேண்டும் என்று கால் பக்கம் ஒதுக்குவோம். படிக்க ஆளில்லை என்ற பழைய சமாதானத்தை இனியும் சொல்ல வேண்டாம். போடாததைப் படிக்கவில்லை என்று வாசகர் மேல் பழி போட முடியாது.

வாசகர்களே, உங்கள் ஊரில் அப்படியோர் அறிவிப்பு நாளிதழில் வந்தாலோ ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டாலோ, அதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் நடையிலேயே எழுதி, கடைசித் தேதிக்கு முன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள்.